பூட்டை மாற்றியும் உள்ளே இருப்பவர்கள்

உப்புவெளியில் கடலைப் பார்த்தபடி ஏழு அறைகள் கொண்ட ஒரு விடுதி இருக்கிறது. நடத்துகிறவர் எனக்கு நெடுநாள் பழக்கமான அண்ணா. போன வருடம் மே மாதம், வெளிநாட்டுக்காரர்கள் வரத் தொடங்கும் நேரத்தில், விடுதியின் பேஸ்புக் பக்கத்தில் நள்ளிரவுக்குப் பிறகு கறுப்புக் கண்ணாடி விளம்பரங்கள் விழ ஆரம்பித்தன. புறாமலைக்குப் போகும் படகின் படம், அதன் கீழே பாதி விலையில் கண்ணாடி, அதற்கும் கீழே அன்று காலை கரைக்கு வந்த மீன் என்று பக்கம் குழம்பிக் கிடந்தது. அறை பதிவு செய்யவிருந்த ஒரு ஜேர்மன் குடும்பம் “இது உண்மையான பக்கம்தானா?” என்று கேட்டு எழுதிய பிறகுதான் அவர் என்னைக் கூப்பிட்டார்.

“மூண்டு தரம் பாஸ்வேர்ட் மாத்திட்டன் தம்பி. இன்னும் வந்துகொண்டுதான் இருக்கு.”

அவர் சொன்னது உண்மை. மூன்று தடவையும் ஒழுங்காகத்தான் மாற்றியிருந்தார். பக்கத்தின் அட்மினாக நுழைந்து, அந்த விளம்பரப் பதிவு ஒன்றின் அடியில் இருந்த சிறிய வரியைப் பார்த்தோம். யார் வெளியிட்டது என்பதை அட்மினுக்கு மட்டும் காட்டும் வரி அது. அங்கே இருந்த பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. பதிவுகளை நேரம் குறித்து வெளியிடும் ஏதோ ஓர் இலவசக் கருவியின் பெயர்.

கதை பிறகு தெளிவானது. இரண்டு சீசனுக்கு முன் வரவேற்பு மேசையில் வேலை செய்த பொடியனைப் பக்கத்துக்கு அட்மினாகப் போட்டிருந்தார். பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் ஒரே நேரத்தில் படம் போட லேசாக இருக்கும் என்று அவன் தன் கணக்கின் வழியாக அந்தக் கருவியைப் பக்கத்தோடு இணைத்தான். பிறகு கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். அட்மின் பட்டியலில் அவன் பெயர் அப்படியே இருந்தது, கருவியின் இணைப்பும் இருந்தது. அண்ணா தன் கணக்கின் கடவுச்சொல்லை எத்தனை தடவை மாற்றினாலும், இன்னொருவரின் கணக்கு கொடுத்த அனுமதியை அது தொடவே இல்லை. பொடியனின் அட்மின் உரிமையை எடுத்தோம். அன்றிரவு விளம்பரம் வரவில்லை.

கடவுச்சொல் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். இந்த “அனுமதி” என்றால் என்ன என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கணக்குகள் பறிபோகும் கதைகளில் பாதிக்கு மேல் புரியாமல் போவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அற்றோணித் தத்துவம்

நமக்குப் பழகிய ஒரு விஷயத்தை வைத்துப் பார்க்கலாம். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் ஒருவருக்கு இங்கே ஒரு வளவும் வீடும் இருக்கின்றன. அதைப் பார்த்துக்கொள்ள மச்சானுக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்கிறார். மச்சானிடம் அவருடைய அடையாள அட்டையோ கையெழுத்தோ இல்லை. ஒரு பத்திரம் இருக்கிறது. அந்தப் பத்திரத்தைக் காட்டி அவர் பெயரில் காரியம் செய்யலாம். விசேட தத்துவம் என்றால் குறிப்பிட்ட காரியம் மட்டும். பொதுத் தத்துவம் என்றால் வாடகை வாங்குவதிலிருந்து விற்பதுவரை எல்லாம் செய்யலாம். பிறகு மனஸ்தாபம் வந்து வீட்டுப் பூட்டை மாற்றினால் பத்திரம் செல்லாமல் போய்விடுமா? போகாது. பத்திரத்தைத் தனியாக இரத்துச் செய்ய வேண்டும். காணி இரண்டு பேரின் பெயரில் இருந்தால், ஒருவர் எழுதிக் கொடுத்ததை மற்றவர் பூட்டு மாற்றித் தடுக்கவும் முடியாது.

சமூக ஊடகக் கணக்கில் கடவுச்சொல்தான் வீட்டுச் சாவி. வெளிக் கருவி ஒன்றை இணைக்கும்போது “தொடரவும்” என்று ஒரு பொத்தானை அழுத்துகிறோமே, அதுதான் தத்துவத்தில் கையெழுத்து வைக்கும் இடம். உடனே தளம் அந்தக் கருவிக்கு ஒரு டோக்கன் கொடுக்கிறது. நீளமான ஓர் எழுத்துச் சரம். அதைக் காட்டினால் போதும், கருவி உங்கள் பெயரில் படிக்கலாம், எழுதலாம். உங்கள் கடவுச்சொல் அதற்குத் தெரியவே தெரியாது. போனிலிருந்து அந்த ஆப்பை அழித்தாலும் டோக்கன் அவர்களுடைய சேர்வரில் இருக்கும்.

டோக்கனின் ஆயுள் தளத்துக்குத் தளம் வேறுபடும். பேஸ்புக்கில் ஒரு பயனருக்கான நீண்டகால டோக்கன் ஏறத்தாழ 60 நாளில் காலாவதியாகும். ஆனால் அதை வைத்து ஒரு பக்கத்துக்காக எடுக்கப்படும் டோக்கனுக்கு முடிவுத் தேதியே கிடையாது. விடுதிக்காரர், படகுக்காரர், டியூசன் வாத்தியார் என்று வியாபாரம் செய்கிறவர்கள் எல்லோரும் வைத்திருப்பது பக்கங்கள்தான் என்பதால் இதை ஒருமுறைக்கு இரண்டுமுறை வாசியுங்கள். கடவுச்சொல் மாற்றத்தின் விளைவும் ஒரே மாதிரி இல்லை. பேஸ்புக்கில் ஒரு கணக்கின் கடவுச்சொல் மாறினால் அந்தக் கணக்கு கொடுத்த டோக்கன்கள் பெரும்பாலும் செல்லாமல் போகும். கூகுள், ஜிமெயிலைத் தொடும் அனுமதிகளை மட்டும் துண்டித்துவிட்டு மற்றவற்றை விட்டுவைக்கும். எக்ஸ் (முன்னைய டுவிட்டர்) தளத்தில் இணைத்த செயலிகளைத் தனியாகப் போய்த்தான் நீக்க வேண்டும்.

முன்பு இதைவிட மோசம்

இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்று பார்த்தால், அதற்கு முன் இருந்த நிலைமை இதைவிடப் பயங்கரமானது. 2000களின் நடுப்பகுதியில் “உங்கள் நண்பர்களைக் கண்டுபிடித்துத் தருகிறோம், மின்னஞ்சலின் கடவுச்சொல்லைத் தாருங்கள்” என்று தளங்கள் வெளிப்படையாகக் கேட்டன. மக்களும் கொடுத்தார்கள். டுவிட்டரோடு வேலை செய்த செயலிகள் பல, பயனரின் கடவுச்சொல்லையே வாங்கித் தங்களிடம் வைத்திருந்தன. அந்தச் செயலி ஒன்று உடைந்தால் உங்கள் முழுக் கணக்கும் போனது.

இதற்கு மாற்றாகத்தான் ஓஆத் என்ற பொதுவான முறை உருவாகி 2007 டிசம்பரில் முதற்பதிப்பாக வந்தது. டுவிட்டர் 2010 ஆகஸ்ட் 31 அன்று கடவுச்சொல்லோடு வரும் வெளிச் செயலிகளுக்குக் கதவை அடைத்தது. இன்று பெரும்பாலான தளங்கள் பின்பற்றும் ஓஆத் 2.0 வந்தது 2012 ஒக்டோபரில். கடவுச்சொல்லைக் கொடுக்காமல், குறிப்பிட்ட அதிகாரத்தை மட்டும், திரும்ப எடுக்கக்கூடிய விதத்தில் கொடுப்பது என்பது உண்மையில் நல்ல கண்டுபிடிப்பு. திரும்ப எடுக்கும் வேலையை மட்டும் நம்மிடம் விட்டுவிட்டார்கள். அதை நாம் செய்வதில்லை.

செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. 2013 ஒக்டோபரில் பதிவுகளை நேரம் குறித்து வெளியிடும் பஃபர் என்ற பிரபலமான சேவைக்குள் திருடர்கள் நுழைந்தார்கள். அதன் வாடிக்கையாளர்களின் பேஸ்புக், டுவிட்டர் கணக்குகளில் குப்பை விளம்பரங்கள் விழுந்தன. வாடிக்கையாளர் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. தத்துவம் வைத்திருந்தவரின் வீடு உடைந்தது, அவ்வளவுதான். 2017 மார்ச் 15 அன்று பிபிசி வட அமெரிக்கா, ஃபோர்ப்ஸ், அம்னெஸ்டி ஆகியவற்றின் டுவிட்டர் கணக்குகளில் திடீரென்று துருக்கி மொழியில் நாசிச் சின்னத்தோடு பதிவுகள் தோன்றின. காரணம், டுவிட்டர் கவுண்டர் என்ற, பின்தொடர்வோரை எண்ணிக் காட்டும் ஒரு கருவி. பெரிய நிறுவனங்களில் பாதுகாப்புக்கென்றே ஆட்கள் உண்டு. அவர்களும் எப்போதோ இணைத்த ஓர் எண்ணும் கருவியை மறந்துபோயிருந்தார்கள்.

அதே வருடம் மே 3ஆம் திகதி நடந்ததுதான் எனக்கு மிகவும் பாடம் சொன்னது. தெரிந்த ஒருவரிடமிருந்து கூகுள் டொக்ஸ் கோப்பு ஒன்று வந்ததாக மின்னஞ்சல். அழுத்தினால் உண்மையான கூகுளின் பக்கம், உண்மையான முகவரி. “கூகுள் டொக்ஸ் உங்கள் மின்னஞ்சலைப் படிக்கவும் அனுப்பவும் அனுமதி கேட்கிறது” என்று இருந்தது. கேட்டது கூகுள் இல்லை. யாரோ ஒருவர் தன் செயலிக்கு வைத்த பெயர்தான் “கூகுள் டொக்ஸ்”. அனுமதித்தவரின் தொடர்புப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அதே மின்னஞ்சல் பறந்தது. கூகுள் ஒரு மணித்தியாலத்துக்குள் அதை நிறுத்தியது. முகவரியைச் சரிபாருங்கள் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை அன்று யாருக்கும் உதவியிருக்காது. கடவுச்சொல் எதுவும் திருடப்படவும் இல்லை.

தத்துவம் கொடுத்தவர் ஒருவர், பாதிக்கப்பட்டவர் இன்னொருவர் என்பதும் உண்டு. 2018இல் வெளிவந்த, கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தில் ஆளுமைச் சோதனைச் செயலியை நிறுவியவர்கள் ஏறத்தாழ 2,70,000 பேர். அவர்களுடைய நண்பர்களின் விவரங்களும் சேர்ந்து போனதால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 8 கோடி 70 இலட்சம் பேர்வரை என்று பேஸ்புக்கே சொன்னது. நண்பர்களின் தகவலை எடுக்கும் வழிகளை பேஸ்புக் 2014-15இலேயே பெரிதும் இறுக்கியிருந்தது, ஆனால் அதற்கு முன்பே எடுக்கப்பட்டவை போய்விட்டன. “போன பிறவியில் நீங்கள் யார்?” விளையாட்டுகளை இன்னமும் பலர் அழுத்துகிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாவியையே கேட்பவர்கள்

இதுவரை சொன்னவை ஒழுங்கான வாசல் வழியாக அனுமதி வாங்குபவை. இன்னொரு கூட்டம் அனுமதி எல்லாம் கேட்பதில்லை. நேராகக் கடவுச்சொல்லையே வாங்குகிறது. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

2015 நவம்பரில் “உங்கள் புரொபைலை யார் பார்த்தார்கள்” என்று காட்டுவதாகச் சொன்ன இன்ஸ்டஏஜென்ட் என்ற செயலி, இன்ஸ்டகிராம் பெயர்களையும் கடவுச்சொற்களையும் தன் சேர்வருக்கு அனுப்பியது தெரியவந்து, அப்பிள், கூகுள் இரண்டு கடைகளிலிருந்தும் தூக்கப்பட்டது. யார் பார்த்தார்கள் என்ற தகவலை பேஸ்புக்கோ இன்ஸ்டகிராமோ எந்தச் செயலிக்கும் கொடுப்பதில்லை. ஆகவே அதைத் தருவதாகச் சொல்லும் எந்தச் செயலியும் பொய் சொல்கிறது. 2022 ஒக்டோபரில் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, பேஸ்புக் கடவுச்சொல்லைத் திருடும் 400க்கு மேற்பட்ட செயலிகளைக் கண்டுபிடித்து, ஏறத்தாழ பத்து இலட்சம் பேருக்கு எச்சரிக்கை அனுப்பியது. அவற்றில் அதிகமானவை படத்துக்கு அழகூட்டும் செயலிகள். ராசிபலன் சொல்பவை, விளையாட்டுகள், தடைப்பட்ட தளங்களைத் திறந்து தரும் வீபிஎன்கள் எல்லாம் இருந்தன. இவை கிடைத்தது கள்ள இடத்தில் என்று நினைக்காதீர்கள். பிளே ஸ்டோரிலும் அப்பிள் ஸ்டோரிலுமே கிடைத்தன.

வீபிஎன் பற்றி நம் ஊரில் பேசாமல் விட முடியாது. 2018 மார்ச்சில், 2019 ஏப்ரலில், 2022 ஏப்ரலில் என்று சமூக ஊடகங்கள் நாட்டில் முடக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் கைக்குக் கிடைத்த இலவச வீபிஎன்னைப் போட்டுக்கொண்டோம். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் வட்ஸ்அப் நின்றால் மூச்சு நின்றது போலத்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. அவசரம் முடிந்தது, வீபிஎன் மட்டும் போனில் தங்கிவிட்டது. அது உங்கள் பேஸ்புக் கணக்கால் உள்நுழையச் சொல்லியிருந்தால், இன்றே எடுத்துவிடுங்கள். வலைப்போக்குவரத்தைத் திருப்பிவிடும் ஒரு கருவிக்கு உங்கள் பேஸ்புக் எதற்கு?

ஒழுங்கான வாசலையும் கள்ள வாசலையும் பிரித்தறிய ஓர் அடையாளம் உண்டு. கூகுள் 2017 முதல், தன் உள்நுழைவுப் பக்கத்தைச் செயலிகள் தங்களுக்குள்ளேயே ஒரு சிறு ஜன்னலில் திறப்பதைத் தடுத்துவருகிறது. பேஸ்புக்கும் 2021 ஒக்டோபர் முதல் அண்ட்ரொய்ட்டில் அதே தடையைக் கொண்டுவந்தது. செயலிக்குள் திறக்கும் ஜன்னலில் நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் அந்தச் செயலியால் பார்க்க முடியும் என்பதுதான் காரணம். ஆகவே நேர்மையான கருவி உங்களை பேஸ்புக் செயலிக்கோ குரோமுக்கோ அனுப்பும். அங்கே நீங்கள் ஏற்கனவே உள்நுழைந்திருந்தால் பெரும்பாலும் கடவுச்சொல்லே கேட்காது, “தொடரவா?” என்று மட்டும் கேட்கும். ஒரு படச் செயலி தன் உள்ளேயே பேஸ்புக் நீலத்தில் இரண்டு பெட்டிகளைக் காட்டிப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால், அதை மூடிவிட்டு செயலியையும் அழியுங்கள்.

வட்ஸ்அப்பின் மாற்றுப் பதிப்புகளும் இந்தக் கூட்டம்தான். ஜீபி வட்ஸ்அப், எஃப்எம் வட்ஸ்அப், யோ வட்ஸ்அப் என்று பல பெயர்கள். அழித்த செய்தியைப் படிக்கலாம், நீல டிக்கை மறைக்கலாம் என்பதற்காக நம் இளைஞர்கள் விரும்பிப் போடுகிறார்கள். பாதுகாப்பு நிறுவனமான கஸ்பர்ஸ்கி 2021இல் எஃப்எம் வட்ஸ்அப்பின் ஒரு பதிப்புக்குள் டிரையடா என்ற தீநிரலையும், 2022இல் யோ வட்ஸ்அப்பின் ஒரு பதிப்பு கணக்கின் அணுகல் சாவிகளை வெளியே அனுப்புவதையும் கண்டது. வட்ஸ்அப் இவற்றைத் தன் விதிமீறல் என்றே சொல்கிறது, கணக்கை முடக்கவும் செய்கிறது. ஒரு செய்தியை மறைத்துப் படிப்பதற்காக குடும்பக் குழு முழுவதையும் அந்நியர் கையில் கொடுப்பது எனக்குத் தாங்க முடியாத காரியமாகப் படுகிறது.

பின்தொடர்வோரைக் கூட்டித் தரும் கருவிகள் இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. உங்கள் கணக்கை வாங்கி, அதை வைத்து மற்றவர்களின் படங்களுக்கு விருப்பக் குறி போடும். மற்றவர்களின் கணக்கை வைத்து உங்களுக்குப் போடும். இன்ஸ்டகிராம் 2018 நவம்பரில் இப்படி வந்த விருப்பங்களை நீக்கத் தொடங்கி, பயன்படுத்தியவர்களைக் கடவுச்சொல் மாற்றச் சொன்னது. வந்த ஆயிரம் பேரில் ஒருவர்கூட திமிங்கிலம் பார்க்க உங்கள் படகில் ஏறப்போவதில்லை.

கதவைத் தட்டாமல் வருபவர்கள்

மூன்றாவது ஒரு வகை இருக்கிறது. கணினியில் நீங்கள் ஏற்கனவே திறந்து வைத்திருக்கும் உள்நுழைவைத் திருடுவது. உலாவி ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்காமல் இருப்பதற்காக ஒரு சிறு அடையாளத்தைச் சேமித்து வைத்திருக்கும். அது கையில் கிடைத்தால் கடவுச்சொல்லும் வேண்டாம், போனுக்கு வரும் இரண்டாவது குறியீடும் வேண்டாம். 2023 மார்ச்சில் சாட்ஜிபிடி பேரைச் சொல்லி வந்த குரோம் நீட்சிகள் (உலாவியில் சேர்த்துக்கொள்ளும் சிறு கருவிகள்) சில இப்படித்தான் பேஸ்புக் கணக்குகளைக் கைப்பற்றின. அதே மாதம், அப்போது ஒன்றரைக் கோடிப் பேர் பின்தொடர்ந்த லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் அலைவரிசை பறிபோனது. விளம்பர ஒப்பந்தம் போலத் தோன்றிய ஒரு கோப்பை ஊழியர் ஒருவர் திறந்ததுதான் காரணம்.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் பக்கங்கள் நடத்துபவர்களுக்கு “உங்கள் இடத்தை விளம்பரப்படுத்துகிறோம், இணைப்பைத் திறந்து பாருங்கள்” என்று மின்னஞ்சல் வருவது சாதாரணம். உண்மையானவையும் உண்டு. அதனால்தான் மற்றவை எடுபடுகின்றன. கோப்பைப் பதிவிறக்கிக் கணினியில் திறக்கச் சொன்னால், முதலில் போனில் கூப்பிட்டுப் பேசுங்கள். உலாவியில் என்னென்ன நீட்சிகள் இருக்கின்றன என்று ஒருதடவை பாருங்கள். யூடியூப் காணொளி இறக்குவது, படத்தின் பின்னணி அழிப்பது என்று போட்டவை “எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்” அனுமதி வைத்திருக்கும்.

கடைப் பொடியன் திறந்த கணக்கு

இனி நம் ஊர் விஷயம். நான் பார்த்த கணக்குப் பிரச்சினைகளில் கணிசமானவை எந்த ஹக்கராலும் வரவில்லை. கணக்கு பிறந்த விதத்திலேயே இருந்தன.

புதுப் போன் வாங்கும்போது கடையில்தான் ஜிமெயில் திறந்து தருகிறார்கள். கொமினிகேசன் கடையில் ஐம்பதோ நூறோ கொடுத்தால் பேஸ்புக் கணக்கு. கடவுச்சொல் பெரும்பாலும் போன் நம்பர், அல்லது பெயரோடு 123. மீட்பு மின்னஞ்சல் கடைக்காரருடையது. கடைக்காரர் நல்லவர்தான், உதவிதான் செய்தார். ஆனால் அம்மாவின் பேஸ்புக்கும், அதனோடு சேர்ந்த வெளிக் கருவிகள் எல்லாமும் அவருக்கே மறந்துபோன ஒரு மின்னஞ்சலில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. வீட்டில் பெரியவர்களின் போனை ஒருநாள் வாங்கி, மீட்பு எண்ணும் மின்னஞ்சலும் யாருடையவை என்று பாருங்கள். கடைக்குப் போய்ச் சண்டை பிடிக்க ஒன்றும் இல்லை. மாற்றிக்கொண்டால் சரி.

அடுத்தது சிம். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் மத்திய கிழக்குக்குப் போகிறவர்கள் எத்தனை பேர். அங்கே போனதும் அந்த நாட்டு எண். இங்குள்ள சிம் ரீலோட் இல்லாமல் சில மாதத்தில் செயலிழந்து, பிறகு அதே எண் இன்னொருவருக்குப் போகலாம். பேஸ்புக்கின் குறியீடு இன்னமும் அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. தொலைபேசி எண் என்பது எவ்வளவு மெல்லிய நூல் என்பதற்கு, 2019 ஆகஸ்டில் டுவிட்டரின் அன்றைய தலைமை அதிகாரி ஜக் டோர்சியின் கணக்கிலேயே அவருடைய எண்ணைக் கைப்பற்றி அந்நியர்கள் பதிவு போட்டது சாட்சி. அவருக்கே அப்படி என்றால், கட்டாரில் ஷிப்ட் முடிந்து வந்து அறையில் இருக்கும் தம்பி என்ன செய்வான்.

ஆகவே இரண்டாம் படிச் சரிபார்ப்பை எஸ்எம்எஸ்ஸில் வைப்பதைவிடக் குறியீடு உருவாக்கும் செயலியில் வைப்பது நல்லது. கூகுள் ஒதென்டிகேட்டர் போன்றவை 30 விநாடிக்கு ஒருமுறை ஆறு இலக்கக் குறியீடு காட்டும். சிக்னல் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம், எந்த நாட்டிலும் வேலை செய்யும். எஸ்எம்எஸ் மட்டும்தான் முடியும் என்றால் அதுவும் ஒன்றுமில்லாததைவிட எவ்வளவோ மேல். போன் தொலைந்தால் பயன்படுத்த தளங்கள் கொடுக்கும் காப்புக் குறியீடுகளைக் கொப்பியில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் ஃபைலில் வையுங்கள். போனில் படமாக எடுத்து வைப்பதில் பயனில்லை, தொலைவதே போன்தானே.

எந்தக் கணக்கில் முதலில் தொடங்குவது என்று கேட்டால், மின்னஞ்சலில். மற்ற எல்லாக் கணக்குகளின் “கடவுச்சொல் மறந்துவிட்டேன்” என்ற பொத்தானும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. அதற்குத் தனியான, வேறெங்கும் பயன்படுத்தாத நீளமான கடவுச்சொல். உங்களுக்கு மட்டும் தெரிந்த நான்கைந்து சொற்களைச் சேர்த்தால்கூடப் போதும். மற்றவற்றை உலாவியிலோ போனிலோ உள்ள கடவுச்சொல் சேமிப்பகம் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அதில் கூடுதலாக ஒரு நன்மை: போலி முகவரியில் அது தானாக நிரப்பாது. எப்போதும் நிரப்பும் பெட்டி ஒருநாள் வெறுமையாக நின்றால், முகவரியை வாசிக்க வேண்டிய நேரம் அது.

கோயில், பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம் ஆகியவற்றின் பக்கங்களுக்குத் தனியாக ஒரு சொல். நிர்வாகசபை மாறும்போது வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றுகிறோம். பக்கத்தின் அட்மினை மாற்றுவதில்லை. ஒரே கணக்கைத் திறந்து அதன் கடவுச்சொல்லை ஐந்து பேர் பகிர்ந்துகொள்வது இன்னும் மோசம். யார் எதை இணைத்தார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒவ்வொருவரையும் அவரவர் சொந்தக் கணக்கால் பக்கத்தில் சேர்த்து, தேவையான வேலைக்கு மட்டும் உரிமை கொடுக்க பேஸ்புக்கிலேயே வசதி இருக்கிறது. நேரம் குறித்துப் பதிவு போடுவதுதான் தேவை என்றால், மெட்டா பிஸ்னஸ் சூட்டில் அது இலவசமாகவே இருக்கிறது. வெளிக் கருவியே வேண்டாம்.

பட்டியல் எங்கே இருக்கிறது

பேஸ்புக்கில் செட்டிங்ஸ் உள்ளே “ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்” என்று ஓர் இடம். பலர் அதை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பக்கங்களை நடத்தும் கருவிகள் அங்கே இருப்பதில்லை, “பிஸ்னஸ் இன்டக்ரேஷன்ஸ்” என்ற வேறோர் இடத்தில் இருக்கும். இரண்டையும் திறக்க வேண்டும். இன்ஸ்டகிராம், டிக்டொக், எக்ஸ் எல்லாவற்றிலும் செட்டிங்ஸில் இணைத்த செயலிகளின் பட்டியல் உண்டு. கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பகுதியில் இருக்கும். வட்ஸ்அப்பில் “லிங்க்ட் டிவைசஸ்” என்று பாருங்கள். யாரோ ஒருவர் உங்கள் போனை இரண்டு நிமிடம் கையில் வைத்திருந்தால் போதும், உங்கள் உரையாடல் முழுவதும் அவருடைய கணினியிலும் ஓடும்.

புதிதாக ஒன்றை இணைக்கும்போது அனுமதித் திரையை வாசியுங்கள். அங்கே “மாற்று” என்ற சிறிய இணைப்பு இருக்கும், எந்தப் பக்கத்துக்கு, எந்த உரிமை என்று குறைத்துக் கொடுக்கலாம். படம் போடும் கருவி செய்திப் பெட்டியைப் படிக்க வேண்டும் என்று கேட்டால் மறுத்துப் பாருங்கள். மறுத்தால் வேலை செய்யாது என்றால் வேறு கருவி தேடலாம்.

ஏற்கனவே ஏதோ நடந்துவிட்டது என்றால் வரிசை முக்கியம். பதற்றத்தில் நாம் முதலில் செய்வது பேஸ்புக் கடவுச்சொல்லை மாற்றுவது. மின்னஞ்சல் இன்னும் திருடன் கையில் இருந்தால் அவன் அதைத் திரும்ப மாற்றிக்கொள்வான். மின்னஞ்சலை முதலில் பாதுகாத்து, அதன் மீட்பு எண்ணையும் செய்தி திருப்பிவிடும் ஏற்பாடு எதுவும் வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்து, பிறகு சமூகக் கணக்கின் கடவுச்சொல், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றம், இணைத்த செயலிகளின் நீக்கம், பக்கத்தின் அட்மின்கள் என்று போக வேண்டும். நடந்தவற்றை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்பின் 101 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அனுமதியில்லாமல் பிறர் கணக்கில் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். பணம் கேட்டு உங்கள் பெயரில் செய்தி போயிருந்தால் முறைப்பாடு பதிவாகியிருப்பது உங்களுக்கே பாதுகாப்பு.

இந்த ஏப்ரலில், சீசனுக்கு முன், உப்புவெளி அண்ணாவும் நானும் ஒரு மத்தியானம் தேநீரோடு உட்கார்ந்து எல்லாப் பட்டியலையும் திறந்தோம். இரண்டு இடத்திலும் சேர்த்துப் பதினொரு பெயர்கள். அறைப் பதிவுக்கான ஒன்றையும் இன்னொன்றையும் விட்டு மற்றவற்றை நீக்கினார். நீக்கும் ஒவ்வொன்றுக்கும் “இது எப்ப போட்டது?” என்று யோசித்துக்கொண்டே நீக்கினார். பிறகு கட்டாரில் இருக்கும் பொடியனை வட்ஸ்அப்பில் கூப்பிட்டோம். நடந்ததைக் கேட்டு அவன் மிகவும் வருத்தப்பட்டான். திரையைப் பார்த்துப் பார்த்து அவனும் தன் கணக்கிலிருந்த பழைய இணைப்புகளை வெட்டினான், குறியீட்டுச் செயலியையும் போட்டுக்கொண்டான். வைக்கும் முன் கேட்டான்: “அண்ணா, புறாமலைல எடுத்த படங்கள் கொஞ்சம் இன்னும் என்னட்ட இருக்கு. பக்கத்தில போடட்டா?” அண்ணா அவனை அவனுடைய பெயரிலேயே, பதிவு போடும் உரிமையோடு மட்டும், மறுபடியும் பக்கத்தில் சேர்த்தார்.